நண்டு கடித்ததென்று சொன்ன பொய்

அன்புள்ள கலியமூர்த்தி, என் மாப்ளே,

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். வருஷாவருஷம் மாசியில் கடற்கரைத் திட்டுக்குப் போய் வந்து, பார்த்த பறவைகளையெல்லாம் எழுதி வைப்பாயே, அந்த நீல அட்டை நோட்டு. இந்த வருஷத்துப் பக்கம் காலியாகக் கிடந்தது. "அப்பா எழுத வேண்டிய பக்கம், நீங்க எழுதுங்க மாமா" என்று உன் மகள் கயல் இதை என் கையில் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. பேனாவைத் திறப்பேன், மூடுவேன். இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

இந்த நோட்டு திரும்ப உன் பீரோவுக்குத்தான் போகும். பீரோ சாவி வசந்தாவின் இடுப்பில் இருக்கிறது. உன் பெண்டாட்டி, என் தங்கை, இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

முதலில் ஊர்ச் சேதி. ஆனி பிறந்து பத்து நாளாகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நீ போன பிறகு நம் பக்கத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக் என் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இதுக்குக் காயில் சுத்துனது, இவ்வளவு நெருக்கமா?" என்று கேட்டார். என் மாப்பிள்ளை என்றேன். அவர் நம்பரைக் கொடுங்கள் என்றார். என்ன சொல்வேன், கொடுத்துவிட்டேன். அடித்துப் பார்த்திருப்பார்.

மேற்கு வயலை உழுது சேறடித்துவிட்டார்கள். இந்நேரம் நான் தொடை தெரிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வரப்பில் நிற்கிறேன். முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முட்டிக்கு ஒன்றுமில்லை, கலியா. சேற்றில் கால் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பது வருஷம் நடவு போட்டவன், சொந்த வயலில் இறங்கப் பயப்படுகிறேன். இதை யாரிடம் சொல்வேன், உன்னைத் தவிர?

கார்த்திகையில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாசியில கயல் திட்டுக்குப் போறேன்னு நிப்பா. தடுக்காத. ஆனா தனியா அனுப்பாத, நீ கூடப் போ." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் கதைதான் இது.

உன் திட்டுப் பைத்தியத்தைப் பற்றி நான் அடித்த கிண்டல் கொஞ்சமா? ஊரெல்லாம் கோடைத் தண்ணீருக்கு மோட்டாரைச் சரி பண்ண உன்னைத் தேடும்போது, நீ பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேதாரண்யம் பஸ் ஏறுவாய். "ரெண்டு கொக்கு பாக்க இவ்வளவு தூரமா? நம்ம வயல்லயே நிக்குதே" என்பேன். "ஒரு தடவை வாடா" என்பாய். அறுப்பு, உளுந்து, கல்யாணம், ஏதாவது ஒன்று சொல்லித் தட்டிக்கழித்தேன். நீ கூப்பிட்ட இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது வந்திருந்தால், அந்தச் சேற்றை நீயே எனக்குக் காட்டியிருப்பாய்.

மாசியில் கயலும் நானும் கிளம்பினோம். வேதாரண்யத்தில் ராத்தங்கி, விடியும்போது ஆட்டோ பிடித்து உப்பளம் முடியும் இடத்தில் இறங்கினோம். கயல் உன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நீ எழுதியிருந்தாய்: "உப்பளம் முடிந்ததும் குச்சி ஆரம்பிக்கும். குச்சிக்குக் குச்சி போகவும். குச்சியை விட்டு இறங்க வேண்டாம். உச்சிப்பொழுதுக்கு முன்னால் திரும்பவும்."

மீன்காரர்கள் ஊன்றிய சவுக்குக் குச்சிகள், கெட்டித் தரை இருக்கும் இடமாகப் பார்த்து, வளைந்து வளைந்து போகின்றன. இரண்டு பக்கமும் சேறு, நடுவில் முழங்கால் தண்ணீர், எதிரே மணல் திட்டு. பாதி வழியில் ஓர் அம்மா தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி மிதந்தது. எங்களைப் பார்த்து, "ஓதம் ஏறுறதுக்குள்ள திரும்பிருங்க" என்றார். கடல் தண்ணீர் ஏறி உள்ளே வருவதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "செரிங்கம்மா" என்றேன். என் காதில் அது ஏறவேயில்லை.

திட்டில் கால் வைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வியைச் சொன்னால் நீ சிரிப்பாய். மணலில் பெரிய தடம், கடலிலிருந்து மேடு வரைக்கும் ஏறி, திரும்பக் கடலுக்குள் இறங்கியிருந்தது. "இங்க எவன்டா டிராக்டர் ஓட்டுனது?" என்றேன். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அது பங்குனி ஆமை. ராத்திரி வந்து முட்டையிட்டுட்டுப் போயிருக்கு." நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிவப்பு நண்டுகள் எங்கள் காலடிச் சத்தத்துக்கு மொத்தமாக வளைக்குள் ஓடின. ஆலாக்கள் கத்திக்கொண்டே கடலில் விழுந்து மீனோடு எழுந்தன. கயல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தன் நோட்டில் எழுதினாள். அவள் கையெழுத்து அப்படியே உன்னுடையது.

அப்புறம் பூநாரைகள். கலியா, ஏன் நீ எனக்கு இதைச் சரியாகச் சொல்லவில்லை? சிவப்பு என்றாய், கூட்டம் என்றாய். அது தழை மிதிக்கும் என்று சொன்னாயா? தலையைக் கவிழ்த்துச் சேற்றுக்குள் விட்டுக்கொண்டு, இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்து, நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றுகிறது. நடவுக்கு முன்னால் நாம் வயலில் உரத்துக்குத் தழையைப் போட்டு மிதிப்போமே, அதே மிதி. எனக்கு அது போதும். மணலில் உட்கார்ந்துவிட்டேன். பைனாகுலரைக் கயலுக்குத் தரவேயில்லை.

"மாமா, போகலாம். மணி பன்னண்டு ஆகப் போவுது" என்று மூன்று தடவை சொன்னாள். "இரும்மா, இன்னும் செத்த நேரம்" என்று மூன்று தடவையும் நான்தான் சொன்னேன். இருபது வருஷம் கிண்டலடித்தவன் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இது என் முதல் தப்பு.

திரும்பும்போது குச்சிகள் பாதி முழுகியிருந்தன. தண்ணீர் கடலிலிருந்து நிலத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊரில் தண்ணீர் கடலைப் பார்த்துத்தான் ஓடும். எதிர்ப்பக்கம் ஓடும் தண்ணீரை நான் அன்றுவரை பார்த்ததேயில்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், சீக்கிரம் கரைக்குப் போனால் போதும் என்று குறுக்கு வழி பார்த்தேன். குச்சி வழி ஒரு பெரிய வளைவு போட்டுப் போகிறது. வளைவுக்கு நடுவே பளபளவென்று சேறு. தாண்டினால் பாதித் தூரம்.

"வேணாம் மாமா. குச்சிய விட்டு எறங்கக் கூடாதுன்னு அப்பா எழுதிருக்காங்க."

"ஒங்கப்பன் மோட்டார் மெக்கானிக்கும்மா. சேறு எனக்குத் தெரியும். அந்தக் குச்சிக் காலை வச்சுக்கிட்டுப் பூநாரையே நிக்குது, நான் நிக்க மாட்டனா? நீ வழியிலேயே வா. நான் அந்தாண்ட போயி நிக்கிறேன்."

இறங்கினேன்.

நம் வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அதற்குக் கீழே கெட்டித் தரை இருக்கும், காலைத் தாங்கும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தரையை நம்பித்தான் சேற்றில் இறங்குகிறோம். அங்கே நாலாவது அடியில் என் வலது கால் முழங்காலைத் தாண்டிப் போனது. தரை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொடை வரை போயிற்று. இடது காலை ஊன்றி எழப் பார்த்தேன், அதுவும் போனது. கலியா, கீழே ஒன்றுமேயில்லை.

அந்த நொடி நான் போட்ட சத்தம் என் குரல் மாதிரியே இல்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அதற்குள் தண்ணீரில் முழுகிவிட்டது. கயல் பையை ஒரு குச்சியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் அடுத்த குச்சியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என்னை நோக்கி நீட்டினாள். நான் எட்டிப் பிடித்தேன். இழுத்தேன். நான் இழுத்த இழுப்பில் குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. அவளும் வழியை விட்டுச் சறுக்கி, முழங்கால் வரை சேற்றுக்குள் வந்துவிட்டாள்.

இனி எழுதப் போவதுதான் வசந்தாவுக்குத் தெரியாதது.

தண்ணீர் என் வயிற்றுக்கு மேல் ஏறியிருந்தது. "மாமா, கையை விடுங்க. நான் போயி அந்த அம்மாவ கூட்டியாறேன்" என்றாள் கயல். நான் விடவில்லை. "மாமா, ரெண்டு பேரும் போயிருவோம், விடுங்க" என்றாள். இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உன் பெண், இருபத்திரண்டு வயது, என் பிடியில் விரற்கடை விரற்கடையாகச் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பிடித்திருந்தேன். "நீ போயிடும்மா, என்னை விட்டுட்டுப் போ" என்று சொல்ல வேண்டியவன் நான். "விட்றாத, விட்றாத" என்றுதான் கத்தினேன்.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் வலது மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள்.

நான் கையை விட்டேன். அவள் சேற்றில் குப்புறப் படுத்து, ஊர்ந்து, வழியைப் பிடித்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அவளைப் போய் அப்படி நினைத்தேன் பார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் மார்புக்கு வந்தது. அசைந்தால் இன்னும் இறங்கியதால் அசையாமல் இருந்தேன். அப்போது, கலியா, உன் ஆட்கள் வந்தார்கள். பக்கத்துச் சேற்று மேட்டில் நண்டுகள் ஒவ்வொன்றாக வளையை விட்டு வெளியே வந்தன. ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிற சின்ன நண்டுகள், அந்தக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கின. சேற்றிலேயே தாவுகிற மீன் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து முழித்தது. ஓர் உள்ளான் குருவி, என் கைக்கு எட்டும் தூரத்தில், மூக்கால் குத்திக் குத்தித் தின்றுகொண்டே போனது. அதன் கண்ணில் நான் ஒரு குச்சி. நான் செத்தாலும் அது தின்றுகொண்டேதான் போகும் என்று தோன்றியது. அவ்வளவு பயம் என் ஆயுளில் பட்டதில்லை. தண்ணீரில் நனைந்திருந்ததால் தெரியவில்லை, சிறுநீர்கூடப் போய்விட்டது.

வசந்தாவை நினைத்தேன். உன்னை நினைத்தேன். நீ இந்த வழியில் எத்தனையோ தடவை தனியாக வந்திருக்கிறாய். ஒரு வருஷத்துப் பக்கத்தில் நீ பறவைகளைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, "பாதி வழியில் திரும்பிவிட்டேன்" என்று மட்டும் இருக்கிறது. ஏன் திரும்பினாய்? உனக்கும் இப்படி ஏதாவது நடந்ததா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

கயல் வந்தாள். இறால் பிடிக்கிற அந்த அம்மாவும் அவருடைய தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். அந்த அம்மா தூரத்திலிருந்தே கத்தினார்: "நிக்காதீங்க! படுங்க! மல்லாந்து படுங்க!"

சேற்றில் படுப்பதா? நாமெல்லாம் சேற்றில் நிற்கப் பிறந்தவர்கள். உடம்பு கேட்கவில்லை. அந்த அம்மா குப்புறப் படுத்தே நெருங்கி வந்து, பெட்டியை என் முதுகுக்குக் கீழே தள்ளி, என் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். "காலை ஆட்டுங்க, மெதுவா. இழுக்காதீங்க, ஆட்டுங்க." ஒரு கால் வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்றும் வந்தது. இரண்டு பேரும் என்னை நெல் மூட்டையை இழுக்கிற மாதிரி வழிக்கு இழுத்துப் போட்டார்கள்.

கரைக்கு வந்ததும் அந்த அம்மா கேட்டார். "எந்த ஊரு?"

"திருக்காட்டுப்பள்ளிப் பக்கம்."

"நெல்லு வெவசாயமா?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். டவுன்லேருந்து வர்றவங்க பயந்துகிட்டுக் குச்சியோடயே போயிருவாங்க. வயக்காட்டுக்காரங்கதான் சேறு தெரியும்னு எறங்குவாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, மீதி இறாலைப் பிடிக்கத் திரும்பிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன்.

பஸ்ஸில் கயல் என் கையை எடுத்து மடியில் வைத்து, மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டாள். தஞ்சாவூர் வரும்போது, "அம்மா கேட்டா நண்டு கடிச்சிருச்சுன்னு சொல்லிருவோம் மாமா" என்றாள். "வேணாம்மா, உள்ளதைச் சொல்லிருவோம்" என்று நான் சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. வீட்டு வாசலில் வசந்தா, "என்னண்ணே கையில?" என்றாள். "நண்டு" என்றேன். "அவ்வளவு பெரிய நண்டா?" என்று வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து, காயத்தைக் கழுவிக் கட்டினாள். "எம்பொண்ண பத்திரமா கூட்டியாந்துட்டியேண்ணே, அது போதும்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடித்தேன், கலியா.

ஒரு வாரம் கழித்துக் கயலிடம், "என் மேல கோவமா?" என்று கேட்டேன். "கோவம் இல்ல மாமா. நீங்க புடிச்சிருந்தப்ப உங்க மூஞ்சி உங்க மூஞ்சி மாதிரி இல்ல. அதான் பயமா இருந்துச்சு" என்றாள். பிறகு, "கடிச்சது ரொம்ப வலிச்சுதா?" என்றாள். அதற்கு அவளை என்ன செய்வது?

வசந்தா, இந்த இடம் வரை படித்திருந்தால், நீ என்ன திட்ட வேண்டுமோ திட்டு. வாசலில் வைத்தே திட்டு. ஆனால் கயலைத் திட்டாதே. பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான், ஆனால் அது எனக்காகச் சொன்னது.

கலியா, இன்று காலையில் கயல் வயலுக்கு வந்தாள். வரப்பில் நின்ற என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தானே வயலில் இறங்கி நாலடி போய் நின்றாள். "கெட்டியா இருக்கு மாமா, வாங்க" என்று கையை நீட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கையைப் பிடிக்காமல் இறங்கினேன். சேறு முழங்கால் வரை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே தரை இருந்தது. ஆனாலும் கால் நடுங்குவது நிற்கவில்லை, இப்போதும் நின்றபாடில்லை.

வருகிற மாசியில் திட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறாள். வசந்தா இதைப் படித்த பிறகும் அனுப்பினால், போகிறேன். உன்னிடம் தலையாட்டியாகிவிட்டது. குச்சிக்குக் குச்சி போவேன். மணி பதினொன்று ஆனால் பூநாரை என்ன மிதி மிதித்தாலும் எழுந்துவிடுவேன். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுவந்து இந்த நோட்டில் எழுதுவேன். பயம் போயிருக்காது, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். ஆனால் ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன், மாப்ளே. உன் மகள் இன்னொரு தடவை "விடுங்க மாமா" என்று சொன்னால், அவள் கடிக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வலது மணிக்கட்டில் உன் மகளின் பல் தடத்தோடு,
உன் மச்சான்
தங்கராசு